டியூப் போட்டவருக்கு எதற்கு யூரின் கல்ச்சர்?

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் மூத்திர டியூப் போட்டுப் படுத்திருக்கும் வயசானவர் உள்ள வீட்டில் யாராவது ஒருவர் போனில் ஒரு யூரின் கல்ச்சர் ரிப்போர்ட், அதாவது மூத்திரத்தில் உள்ள கிருமியை லேபில் வளர்த்துப் பார்த்த ரிப்போர்ட், கிடக்கும். லேப் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிடிஎஃப். அது அடுத்த நிமிடமே ஷார்ஜாவிலோ மஸ்கட்டிலோ இருக்கும் பேரனுக்குப் போய்விடும். 'ஈ. கோலை, ஒரு லட்சத்துக்கு மேல்' என்று, அதாவது குடலில் வாழும் அந்தக் கிருமி ஒரு மில்லி மூத்திரத்தில் அவ்வளவு இருக்கிறது என்று, தடித்த எழுத்தில் இருக்கும். கீழே மருந்துப் பட்டியல், அதில் பாதிக்கு மேல் 'ஆர்', அதாவது அந்த மருந்து கேட்காது. உடனே போன் வரும்: "பாட்டாவுக்கு இன்ஃபெக்ஷன்னு போட்டிருக்கே, இன்னும் ஏன் ஊசி போடல்ல?" பாட்டாவோ காலையில் கஞ்சி குடித்துவிட்டு, காய்ச்சலோ வலியோ இல்லாமல் படுத்திருப்பார். கேட்கிற பேரனிடம் தப்பே இல்லை. கிருமி இருக்கிறது என்று எழுதிய காகிதத்தைப் பார்த்துவிட்டு யாரால் சும்மா இருக்க முடியும்? டாக்டராலும் முடிவதில்லை. ரிப்போர்ட் வந்த பிறகு நடப்பதைப் பற்றி எவ்வளவோ பேசுகிறோம். அந்த சாம்பிள் லேபுக்குப் போயிருக்கவே வேண்டாம் என்று சொல்பவர்கள்தான் குறைவு. நான் அந்தக் கட்சி.

டியூபும் கிருமியும்

மூத்திரப்பைக்குள் ஃபோலி கதீட்டர் என்ற இந்த டியூப் போன அன்றைக்கே கிருமிகள் அதில் ஏற ஆரம்பிக்கின்றன. டியூபின் வெளிப்புறம் வழியாகவும் ஏறும், பையின் வடிகுழாய் அசுத்தமானால் உள்புறம் வழியாகவும் ஏறும். குளத்துப் படிக்கட்டில் பாசி பிடிப்பது போல ரப்பர் மேல் ஒரு வழவழப்பான படலம் பிடிக்கிறது. டியூப் இருக்கும் ஒவ்வொரு நாளும் நூற்றுக்கு 3 முதல் 7 பேருக்குப் புதிதாக மூத்திரத்தில் கிருமி சேரும். ஒரு மாதம் தாண்டினால் அநேகமாக எல்லோருக்கும் இருக்கும். தென்னையிலிருந்தோ பனையிலிருந்தோ விழுந்து முதுகெலும்பு அடிபட்டு வருஷக்கணக்கில் டியூபோடு இருப்பவர்களுக்கு என்றைக்கு கல்ச்சர் அனுப்பினாலும் ஏதாவது வளரும். சில சமயம் இரண்டு மூன்று கிருமிகள் சேர்ந்தே வளரும். ஆகவே இவர்களுக்குக் கிருமி இருக்கிறதா என்று சோதித்துப் பார்ப்பதில் புதிதாகத் தெரிந்துகொள்ள எதுவும் இல்லை. அந்தக் கிருமி அவருக்குத் தொந்தரவு கொடுக்கிறதா என்பதுதான் கேள்வி. அதற்குக் கல்ச்சர் பதில் சொல்லாது.

அமெரிக்காவில் நடந்து 2000-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வை இங்கே சொல்ல வேண்டும். புதிதாக டியூப் போட்ட 1,497 பேரைத் தினமும் கவனித்துப் பார்த்தார்கள். 235 முறை மூத்திரத்தில் கிருமி புதிதாகச் சேர்ந்தது. அதில் 90 சதவீதத்துக்கு மேல் நோயாளிக்கு ஒரு தொந்தரவும் இல்லை. கிருமி சேர்ந்தவர்களுக்கும் சேராதவர்களுக்கும் காய்ச்சலில்கூடப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. டியூப் போட்டவருக்குக் காய்ச்சல் வந்தால் மூத்திரத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும் என்ற பழக்கத்தை அசைத்துப் பார்த்த ஆய்வு அது. இத்தனை வருஷம் கழித்தும் நம் வார்டுகளில் அந்தப் பழக்கம் அப்படியேதான் இருக்கிறது.

யூரின் ரொட்டீன் என்ற சாதாரண மூத்திரப் பரிசோதனையில் வரும் 'பஸ் செல்ஸ்', அதாவது சீழ் அணுக்கள், கதையும் இதுதான். உள்ளே ஒரு ரப்பர் குழாய் உரசிக்கொண்டே இருந்தால் வெள்ளணுக்கள் வரத்தான் செய்யும். 'ப்ளெண்டி' (நிறைய) என்று எழுதியிருப்பதாலேயே டியூப் போட்டவருக்கு நோய்த்தொற்று என்று முடிவு கட்ட முடியாது. பஸ் செல்ஸ் ஒன்றுகூட இல்லை என்றால்தான் அந்த விவரம் உபயோகப்படும். தொற்று வேறு எங்கோ என்று தேடப் போகலாம்.

நாற்றம், கலங்கல், நிறம் மூன்றையும் வைத்துத்தான் அதிகமான சாம்பிள்கள் லேபுக்குப் போகின்றன. "சிஸ்டர், பையில மூத்திரம் கலங்கலா இருக்கு" என்று பார்த்துக்கொள்பவர் சொல்வார். அடுத்த ரவுண்ட்ஸில் கல்ச்சர் எழுதப்படும். நம் வெயிலில் வயசானவர்கள் தண்ணீர் குறைவாகக் குடித்தால் மூத்திரம் கெட்டியாகி நிறமும் நாற்றமும் கூடும். முதலில் பார்க்க வேண்டியது தண்ணீர்க் கணக்கு. அபூர்வமாகப் பை முழுக்க ஊதா நிறமாகிவிடும். வீட்டில் எல்லோரும் நடுங்கிப் போவார்கள். அதிகமும் மலச்சிக்கலோடு நெடுநாள் படுக்கையில் இருக்கும் பெண்களுக்கு இது வரும். சாப்பாட்டில் உள்ள டிரிப்டோஃபான் என்ற புரதக் கூறைக் குடலில் உள்ள கிருமிகள் இண்டோலாக மாற்றுகின்றன. ஈரல் அதை இன்னொரு பொருளாக்கி மூத்திரத்தில் அனுப்புகிறது. டியூபில் இருக்கும் கிருமிகள் அதை உடைத்து நீலமும் சிவப்புமாக இரண்டு சாயம் ஆக்க, பிளாஸ்டிக் அந்தச் சாயத்தைப் பிடித்துக்கொள்கிறது. காய்ச்சலும் வலியும் இல்லாவிட்டால் மலச்சிக்கலைச் சரி செய்து டியூபையும் பையையும் மாற்றினால் போதும்.

இடுப்பெலும்பு உடைந்த பாட்டி

இந்த விஷயத்தில் எது மாற வேண்டும் என்று கேட்டால் நான் காட்டுவது எலும்பு முறிவு வார்டைத்தான். மழைக்காலத்தில், குளிமுறியின் ஈரத் தரையில் எழுபத்தைந்து எண்பது வயசுப் பாட்டி வழுக்கி விழுகிறார். தொடை எலும்பின் மேல் கழுத்து முறிகிறது. வலியில் பெட்பேன் வைக்க முடியாது, ஆகவே அட்மிஷன் ஆனதும் 14 அல்லது 16 அளவு டியூப் போடுகிறார்கள். அது நியாயம். கூடவே ஆபரேஷனுக்கு முந்திய ரத்தப் பரிசோதனைகளோடு 'யூரின் ரொட்டீன், கல்ச்சர்' என்பதும் அச்சடித்த தாளில் தானாகவே டிக் ஆகியிருக்கும். யாரும் யோசித்து எழுதியதில்லை. தாளில் இருக்கிறது, போகிறது. சாயங்காலம் ரொட்டீன் வரும்: பஸ் செல்ஸ் 20 முதல் 25. மயக்க டாக்டர் கேள்வி கேட்பார். எலும்பு டாக்டர் "கல்ச்சர் வரட்டும்" என்பார். கல்ச்சரில் கிருமி வளர 24 மணி நேரம், எந்த மருந்து கேட்கும் என்று பார்க்க இன்னொரு 24 மணி நேரம். நடுவில் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் சொல்லவே வேண்டாம்.

இடுப்பு முறிவுக்கு 24 முதல் 48 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்பது இன்றைக்குப் பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவு. அதைத் தாண்டும் ஒவ்வொரு நாளும் நெஞ்சுச் சளி, படுக்கைப் புண், காலில் ரத்தக் கட்டி, குழப்பம் எல்லாம் கூடிக்கொண்டே போகும். கட்டிலில் அசையாமல் கிடக்கும் அந்த நாட்களில் பாட்டிக்கு ஊசி ஏறும். ரிப்போர்ட்டில் கிட்னியைப் பாதிக்கக்கூடிய அமிக்காசின் என்ற ஆன்டிபயாட்டிக் மட்டும் கேட்கும் என்று வந்தால், ஏற்கனவே வலி மாத்திரையாலும் தண்ணீர்க் குறைவாலும் தளர்ந்திருக்கும் கிட்னியில் அதுவும் சேரும். இவ்வளவும் எதற்கு? மூத்திரத்தில் இருக்கும் கிருமி ஆபரேஷனில் வைக்கும் புது மூட்டுக்குப் போய்விடும் என்ற பயத்துக்கு. மூட்டு மாற்று ஆபரேஷன்களைப் பார்த்த ஆய்வுகளில், மூத்திரக் கிருமிக்கு முன்கூட்டியே மருந்து கொடுத்ததால் மூட்டில் தொற்று குறையவில்லை. பின்னால் மூட்டில் வந்த கிருமியும் பெரும்பாலும் மூத்திரத்தில் இருந்த கிருமியாக இல்லை. அமெரிக்கத் தொற்றுநோய்ச் சங்கம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டலும் இதையேதான் சொல்கிறது: மூத்திரப் பாதை அல்லாத ஆபரேஷன்களுக்கு முன், அறிகுறி இல்லாதவரின் மூத்திரத்தில் கிருமி தேட வேண்டாம், மருந்தும் வேண்டாம்.

தாளில் உள்ள அந்த ஒரு டிக்தான் இங்கே திருப்பம். சாம்பிள் டப்பாவைக் கையில் எடுக்கும் வரைக்கும் எல்லாம் நம் கையில் இருக்கிறது. ரிப்போர்ட் கேஸ் ஷீட்டில் ஒட்டப்பட்ட பிறகு அதைக் கண்டுகொள்ளாமல் விட ஒரு டாக்டருக்குத் தைரியம் மட்டும் போதாது. நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் கேட்பார்களே என்ற பயத்தையும் தாண்ட வேண்டும். அதனால் ரிப்போர்ட் வந்த பிறகு 'மருந்து கொடுக்காதீர்கள்' என்று வகுப்பெடுப்பதைவிட, அந்தத் தாளிலிருந்து கல்ச்சரை எடுத்துவிடுவது பத்து மடங்கு பலன் தரும் என்று நினைக்கிறேன். எழுத வேண்டும் என்றால் டாக்டர் தன் கையால், காரணத்தோடு எழுதட்டும்.

எப்போது அனுப்பியே தீர வேண்டும்

இதை வாசித்துவிட்டு யாரும் எந்த சாம்பிளையும் அனுப்பாமல் விட்டுவிடக் கூடாது. டியூப் இருப்பவருக்கு 38 டிகிரி, அதாவது 100.4-க்கு மேல் காய்ச்சல், குளிர் நடுக்கம், விலாவுக்குப் பின்னால் புதிதாக வலி, அடிவயிற்றைத் தொட்டால் வலி, திடீரென்று ரத்தம் போவது, பிரஷர் இறங்குவது, இவற்றில் ஏதாவது இருந்து வேறு காரணமும் தெரியவில்லை என்றால் கல்ச்சர் அனுப்ப வேண்டும். முதுகெலும்பு அடிபட்டவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு இருக்காது, வலி தெரியாது. அவருக்குக் கால்கள் வழக்கத்தைவிட அதிகமாக இழுத்துக்கொள்வதோ, திடீரென்று தலைவலியும் வியர்வையும் பிரஷர் ஏற்றமுமோ வரும். அதில் முதலில் டியூப் அடைத்திருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும். பிறகுதான் கல்ச்சர். கர்ப்பிணிகளுக்கும், பிராஸ்டேட் சுரண்டும் ஆபரேஷன், யூரெட்டருக்குள் (கிட்னியிலிருந்து மூத்திரப்பைக்கு வரும் குழாய்) ஸ்கோப் விட்டுக் கல் எடுப்பது போல மூத்திரப் பாதையில் காயம் ஆகும் சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கும் அறிகுறி இல்லாவிட்டாலும் கல்ச்சர் பார்ப்பது அவசியம். அங்கே சோதிக்காமல் விடுவதுதான் ஆபத்து.

'வேறு காரணம் இல்லை என்றால்' என்பதை வேகமாகத் தாண்டிவிடக் கூடாது. டியூப் போட்டவருக்குக் காய்ச்சல் என்றதும் போர்வையை விலக்கி ஒரு முறை முழுசாகப் பார்க்க வேண்டும். கையில் ஐ.வி. ஊசி குத்திய இடம் சிவந்து கட்டியாக இருக்கிறதா, முதுகில் புண் இருக்கிறதா, ஒரு கால் மட்டும் வீங்கியிருக்கிறதா, நெஞ்சில் சளிச் சத்தம் கேட்கிறதா, ஆபரேஷன் காயத்தில் நீர் வடிகிறதா. இதோடு ஊர்க் காய்ச்சல்களையும் மறக்கக் கூடாது. ரப்பர் தோட்டத்திலும் வயலிலும் வேலை செய்துவிட்டு வந்து அட்மிட் ஆனவருக்கு எலிக்காய்ச்சல், டெங்கு, பூச்சிக்கடியால் வரும் ஸ்க்ரப் டைபஸ் எதுவும் இருக்கலாம். டியூப் இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் மூத்திரத்தின் மேல் பழியைப் போட்டு, உண்மையான நோய்க்கு இரண்டு மூன்று நாள் தாமதமாவதுதான் தேவையில்லாத கல்ச்சரின் பெரிய கெடுதல். வயசானவர் திடீரெனச் சம்பந்தமில்லாமல் பேசுகிறார் என்றாலும் அப்படித்தான். காய்ச்சலோ பிரஷர் இறக்கமோ கூட இல்லாவிட்டால் ரத்தத்தில் உப்பு குறைவு, தண்ணீர் குறைவு, மலச்சிக்கல், தூக்க மாத்திரை, டியூப் அடைத்து மூத்திரப்பை புடைத்திருப்பது, இவற்றைப் பார்த்துவிட்டுப் பொறுத்துக் கவனிக்கலாம்.

எடுக்கும் விதம் தப்பினால்

அனுப்புவது என்று முடிவெடுத்தால் சரியாக எடுக்க வேண்டும். யூரோ பேக்கின், அதாவது மூத்திரம் சேரும் பையின், அடிக் குழாயைத் திறந்து டப்பாவில் பிடிப்பதுதான் அதிகமாக நடக்கும் தப்பு. பையில் மணிக்கணக்காகத் தேங்கி நின்ற மூத்திரம் அது. கிருமிக்கு வசதியான சூட்டில் ஈ. கோலை 20 நிமிடத்துக்கு ஒரு தடவை இரட்டிக்கும். 1,000 இருந்தது மூன்று மணி நேரத்தில் 5 லட்சத்தைத் தாண்டிவிடும். பேச்சிப்பாறை, குலசேகரம் பக்கத்திலிருந்து சாம்பிளை பைக்கில் நாகர்கோவில் லேபுக்குக் கொண்டுவரும்போதும் இதே கணக்குதான். எடுத்து இரண்டு மணி நேரத்துக்குள் லேபுக்குப் போக வேண்டும். முடியாவிட்டால் 4 டிகிரியில் ஃபிரிட்ஜில் வைத்தால் 24 மணி நேரம் தாங்கும், அல்லது கிருமி பெருகாமல் தடுக்கும் போரிக் ஆசிட் போட்ட சாம்பிள் குப்பியில் அனுப்பலாம். வண்டியின் சீட்டுக்கு அடியில் வெயிலில் வந்த சாம்பிளில் 'ஒரு லட்சத்துக்கு மேல்' என்று வந்தால் அந்த எண்ணுக்கு மதிப்பே கிடையாது.

பையின் குழாயில் சாம்பிள் எடுக்கும் ரப்பர் போர்ட் இருந்தால் அதற்குக் கீழே குழாயை மடக்கிக் கிளாம்ப் போட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் விட வேண்டும். மூத்திரப்பையில் ஆபரேஷன் ஆனவருக்கு மட்டும் கிளாம்ப் கூடாது. கையைக் கழுவிக் கிளவுஸ் போட்டு, 70 சதவீத ஆல்கஹால் பஞ்சால் போர்ட்டை 15 விநாடி அழுத்தித் துடைத்து, காயும் வரை பொறுத்து, புது சிரிஞ்சில் 5 முதல் 10 மில்லி இழுக்க வேண்டும். கிளாம்பைத் திறக்க மறந்துவிடக் கூடாது. மறந்தால் வலியும் அடைப்பும் அதுவே உண்டாக்கும். நம் ஊரில் விற்கும் விலை குறைந்த பல பைகளில் போர்ட் இருப்பதில்லை. அப்போது லேடக்ஸ் (ரப்பர்) ஃபோலியாக இருந்தால், பையோடு சேரும் அகலமான பகுதிக்குக் கொஞ்சம் மேலே துடைத்து, மெல்லிய ஊசியைச் சாய்வாகக் குத்தி எடுப்பார்கள். டியூபை உள்ளே பிடித்து வைக்கும் பலூனுக்குத் தண்ணீர் ஏற்றும் கிளையில் குத்திவிட்டால் பலூன் இறங்கி டியூப் வெளியே வந்துவிடும். சிலிக்கான் டியூபில் குத்தவே கூடாது. அந்த ஓட்டை மூடாது, ஒழுகிக்கொண்டே இருக்கும்.

டியூப் போட்டு இரண்டு வாரம் தாண்டியிருந்தால், பழைய டியூபில் எடுத்த சாம்பிள் அந்த டியூபின் படலத்தைத்தான் காட்டும், மூத்திரப்பைக்குள் இருப்பதைக் காட்டாது. பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டு, அதில் வரும் மூத்திரத்தை அனுப்ப வேண்டும். பெரும்பாலும் ஆன்டிபயாட்டிக்கின் முதல் டோஸுக்கு முன்னால் இதைச் செய்துவிட முடியும். ஆனால் நோயாளி செப்சிஸில், அதாவது தொற்று உடம்பு முழுக்கப் பாதித்து, சரிந்துகொண்டிருந்தால் சாம்பிளுக்காக மருந்தைத் தாமதிக்கக் கூடாது. கழற்றிய ஃபோலியின் நுனியை வெட்டிக் கல்ச்சருக்கு அனுப்பும் வழக்கம் இன்னும் சில இடங்களில் உண்டு. அதில் தெரிந்துகொள்ள ஒன்றுமே இல்லை, லேப்கள் அதை வாங்கவே கூடாது. கேண்டிடா என்ற ஈஸ்ட் வளர்ந்திருந்தால் பெரும்பாலும் டியூபை எடுப்பதுதான் வைத்தியம்.

வார்டில் செய்யக்கூடியது

அமெரிக்காவில் ஹூஸ்டனில் உள்ள முன்னாள் ராணுவத்தினர் மருத்துவமனையில் செய்த முயற்சியைப் பற்றி 2015-இல் எழுதினார்கள். கல்ச்சர் எழுதவிடாமல் தடுக்கும் கம்ப்யூட்டர் பூட்டு எதுவும் போடவில்லை. எப்போது கல்ச்சர் வேண்டும், எப்போது வேண்டாம் என்று ஒரு சின்ன வழிமுறை, அதன்படி நடந்ததா என்று டாக்டர்களோடு உட்கார்ந்து அவர்களுடைய சொந்த கேஸ்களை வைத்தே பேசுவது, அவ்வளவுதான். 1,000 படுக்கை நாளுக்கு (ஒரு நோயாளி ஒரு நாள் படுத்திருந்தால் ஒரு படுக்கை நாள்) 41.2 ஆக இருந்த கல்ச்சர் எண்ணிக்கை 23.3 ஆனது, பிறகு 12 ஆகக் குறைந்தது. உண்மையாகத் தொற்று இருந்தவர்களுக்கு மருந்து கிடைக்காமல் போவது அதனால் கூடவில்லை. டொரோன்டோவில் இன்னொரு வழி பார்த்தார்கள். டியூப் இல்லாத வார்டு நோயாளிகளின் கல்ச்சர் முடிவைத் தானாக அனுப்பாமல், தொற்று என்று சந்தேகம் இருந்தால் லேபுக்குப் போன் செய்யச் சொன்னார்கள். அறிகுறி இல்லாமல் கிருமி மட்டும் இருந்தவர்களில் தேவையில்லாமல் மருந்து பெற்றவர்கள் 48 சதவீதத்திலிருந்து 12 சதவீதமானார்கள். நம் ஊருக்கு முதல் வழிதான் பொருந்தும் என்பது என் எண்ணம். போன் எடுக்க ஆள் இல்லாத லேபில் ரிப்போர்ட்டை நிறுத்தி வைப்பது வேறு ஆபத்தில் முடியும்.

செலவில்லாமல் இன்றைக்கே செய்யக்கூடியது கல்ச்சர் படிவத்தில் மூன்று வரி சேர்ப்பது: அறிகுறி என்ன, டியூப் போட்ட தேதி என்ன, சாம்பிள் எங்கிருந்து எடுத்தது. மூன்றும் நிரப்பாமல் வந்தால் லேப் திருப்பிக் கேட்க வேண்டும். 'கலங்கல்' என்று மட்டும் எழுதி வந்தால் ஒரு போன். இதைச் சொல்லும் உரிமையை லேப் டெக்னீஷியனுக்கு மேலிருந்து எழுத்தில் கொடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் டாக்டர் ஒருவர் சத்தம் போட்ட அன்றைக்கே அது நின்றுவிடும். சிஸ்டர்களுக்கும் அதே உரிமை வேண்டும். பையைத் தினமும் பார்ப்பவர்கள் அவர்கள்தான். டியூப் மாற்றும்போது வழக்கமாக ஒரு கல்ச்சர், மருந்து முடிந்ததும் 'சரியாகிவிட்டதா' என்று ஒரு கல்ச்சர், டிஸ்சார்ஜுக்கு முன் ஒரு கல்ச்சர், மூன்றையும் நிறுத்தலாம். சாம்பிள் குறைய வேண்டுமானால் டியூப் குறைய வேண்டும் என்பதையும் விட்டுவிடக் கூடாது. ரவுண்ட்ஸில் ஒவ்வொரு நாளும் 'இவருக்கு இன்னும் டியூப் எதற்கு?' என்று கேட்டால் ஆபரேஷன் முடிந்த மறுநாளே பலருக்கு எடுத்துவிடலாம். ஆண்களுக்கு வெளியே உறை போல மாட்டும் காண்டம் கதீட்டர், சிலருக்கு யூரினல் புட்டி, முதுகெலும்பு அடிபட்டவருக்கு நேரத்துக்கு நேரம் போட்டு எடுக்கும் முறை என்று வழிகள் இருக்கின்றன.

வீட்டில் இருப்பவர்களுக்கு

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நோய் ஆதரவு சிகிச்சைக்காக வீடு தேடி வரும் செவிலியர்கள் இருக்கிறார்கள். நீண்ட நாள் டியூபோடு இருப்பவர்களின் வீட்டில் அவர்களோடு பேசி ஒரு ஒழுங்கு வைத்துக்கொள்ளலாம். டியூப் போட்ட தேதியையும் அளவையும், லேடக்ஸா சிலிக்கானா என்பதையும் பிளாஸ்டரில் எழுதிப் பையின் குழாயில் ஒட்டி வைக்கலாம். லேடக்ஸ் என்றால் இரண்டு முதல் நான்கு வாரம், சிலிக்கான் என்றால் 12 வாரம் வரைக்கும். பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், தரையைத் தொடக் கூடாது. டியூப் தொடையில் பிளாஸ்டரால் ஒட்டியிருக்க வேண்டும், இழுபடக் கூடாது. அடிக்கடி அடைத்துக்கொள்ளும் டியூபில் பெரும்பாலும் புரோட்டியஸ் என்ற கிருமி இருக்கும். அது யூரியாவை அம்மோனியாவாக்கி மூத்திரத்தைக் காரத்தன்மை உள்ளதாக்குவதால் உப்புப் படிந்து துவாரம் மூடுகிறது. அப்படிப்பட்டவருக்குத் தேதியை முன்னே இழுத்து, அடைக்கும் முன்பே மாற்றிவிட வேண்டும்.

கல்ச்சர் எடுக்கச் சொன்னால் "என்ன அறிகுறிக்காக, டாக்டர்?" என்று மரியாதையாகக் கேட்கலாம். கேட்பதில் தப்பில்லை. நான்கு மணி நேரமாகப் பையில் ஒரு சொட்டும் சேரவில்லை, அடிவயிறு புடைக்கிறது என்றால் குழாய் எங்காவது மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். மடங்கவில்லை என்றால் இரவானாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். காய்ச்சலோடு நடுக்கம் வந்தாலும் அப்படியே. கிளம்பும்போது பழைய ரிப்போர்ட்டுகளைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். டியூப் போட்ட தேதியும் கடைசியாகக் கொடுத்த ஆன்டிபயாட்டிக்கின் பெயரும் தெரிந்தால் போதும்.